வட்டி வாங்காதவரின் பணத்தைக் காப்பது யார்?

மத்திய வங்கி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வட்டி. நாட்டின் வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் இடம் அது என்பதால், "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். மார்க்கம் தடுத்த ஒன்றிலிருந்து விலகி நிற்பது சரிதான். ஆனால் விலகி நிற்பதும் விளங்காமல் இருப்பதும் ஒன்றல்ல. உண்மையைச் சொன்னால், வட்டி வாங்காமல் வாழ முயலும் ஒரு குடும்பத்துக்குத்தான் மத்திய வங்கி என்ன செய்கிறது என்பது மற்றவர்களைவிட அதிகம் முக்கியம்.

காரணம் எளிமையானது. நிலையான வைப்பில் பணத்தைப் போட்டு வட்டி வாங்குபவருக்கு, பணத்தின் பெறுமதி குறையும்போது அந்த வட்டி ஓரளவாவது ஈடுகொடுத்துவிடுகிறது. மகளின் கலியாணத்துக்கென்று அலுமாரியில் சேர்த்து வைத்த தாய்க்கும், வட்டியில்லாத நடைமுறைக் கணக்கில் போட்டு வைத்த வியாபாரிக்கும், உறவினருக்கு அழகிய கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மனிதருக்கும், ஏழைகளுக்கென்று ஜமாஅத் சேர்த்து வைத்த பைத்துல்மாலுக்கும் அப்படி எந்த ஈடும் இல்லை. கையில் உள்ள தாளின் பெறுமதி மட்டுமே அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்தப் பெறுமதியைக் காக்கும் பொறுப்பு மத்திய வங்கியிடம் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள இலங்கையின் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் நம் பக்கத்தில் இல்லை.

இலங்கைக்கு 1950 வரை மத்திய வங்கி இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனியார் வங்கிகளே நோட்டு அச்சிட்டன. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தோட்டங்கள் நொடித்தபோது, 1884இல் ஓரியண்டல் வங்கி சரிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். அதன் பிறகு நோட்டு வெளியிடும் வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஆனால் கடுமையான கட்டுப்பாட்டுடன். வெளியிடும் நோட்டுக்கு ஈடாகச் சொத்து இருக்க வேண்டும். இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது. அந்த முறையில் பணத்தை இஷ்டத்துக்கு அச்சிட முடியாது. அதே நேரம், ஒரு கெட்ட காலம் வந்தால் நாட்டின் தேவைக்கேற்பப் பணத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது.

சுதந்திரம் கிடைத்த பின், சொந்தப் பொருளாதாரத்தைச் சொந்தக் கையால் வளர்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ஜோன் எக்ஸ்டர் என்பவர் வரவழைக்கப்பட்டார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் வந்தது. 1950 ஆகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி திறக்கப்பட்டது. எக்ஸ்டரே முதல் ஆளுநர். விலைவாசியை நிலையாக வைத்திருத்தல், நாணயத்தின் வெளிப் பெறுமதியைக் காத்தல், உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் உயர்த்துதல், நாட்டின் வளங்களை அபிவிருத்தி செய்தல் என்று பல பொறுப்புகளை அந்தச் சட்டம் ஒரே நிறுவனத்தின் தலையில் ஏற்றியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே இரண்டு கதவுகள் திறந்திருந்தன. அரசாங்கத்தின் வருமானத்தில் பத்துச் சதவீதம் வரை வட்டியில்லாத முற்பணமாக மத்திய வங்கி கொடுக்கலாம். அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை நேரடியாகவே வாங்கலாம். நாணயச் சபையில் திறைசேரியின் செயலாளரும் உட்கார்ந்திருந்தார். கடன் கேட்பவரும் கடன் கொடுப்பதைத் தீர்மானிப்பவரும் ஒரே மேசையில்.

"பணம் அச்சடித்தார்கள்" என்று நாம் பேச்சில் சொல்கிறோம். உண்மையில் நடப்பது என்ன? அரசாங்கத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை என்று வையுங்கள். திறைசேரி உண்டியல் எனப்படும் குறுங்காலக் கடன் பத்திரங்களை ஏலத்தில் விடுகிறது. (வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப நாம் சொல்லும் "உண்டியல்" வேறு, அதற்குப் பிறகு வருவோம்.) பொதுமக்களும் வங்கிகளும் வாங்கினால், ஏற்கனவே இருக்கும் பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. யாரும் வாங்காதபோது மத்திய வங்கி வாங்கினால், அரசாங்கத்தின் கணக்கில் அதுவரை இல்லாத ஒரு தொகை எழுதப்படுகிறது. அச்சகம் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தத் தொகை சம்பளமாக, கொந்தராத்துப் பணமாகச் சந்தைக்கு வருகிறது. சந்தையில் ஒரு மூடை அரிசிகூடக் கூடவில்லை. அரிசியைத் துரத்தும் ரூபாய் மட்டும் கூடியிருக்கிறது.

2019 டிசம்பரில் அரசாங்கம் வரிகளைப் பெரிய அளவில் வெட்டியது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. பொருளாதாரத்தை வேகமாக வளர்க்கவே இது என்றார்கள். சில மாதங்களில் கொவிட் வந்தது. சுற்றுலா நின்றது, வருமானம் இன்னும் சுருங்கியது. அரசாங்கத்துக்கு மலிவாகக் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக, திறைசேரி உண்டியல்களுக்கு இவ்வளவு வட்டிக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. அந்த விலைக்கு மற்றவர்கள் வாங்க மறுத்தார்கள். மிஞ்சியதை மத்திய வங்கி வாங்கியது. 2019 இறுதியில் அதன் கையில் இருந்த அரசாங்கப் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. இரண்டே வருடத்தில் அது 1,000 பில்லியனைத் தாண்டிவிட்டது.

அந்த நாட்களில் இதை அபிவிருத்தி என்றே சொன்னார்கள். மலிவான பணம் கிடைத்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் வரி வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று. புதிதாக வந்த ரூபாய் உள்ளூரில் மட்டும் நிற்கவில்லை. பருப்பும் சீனியும் எரிபொருளும் பால்மாவும் வெளியிலிருந்து வருபவை. ரூபாய் பெருகியதும் டொலர் தேடுவோரும் பெருகினார்கள். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு கரையத் தொடங்கியது. அப்போதும் டொலர் 200 ரூபாயைச் சுற்றியே நிற்க வேண்டும் என்று பிடித்து வைத்தார்கள்.

இங்கேதான் நம் குடும்பங்கள் நேரடியாக வருகின்றன. மத்திய கிழக்கில் உழைக்கும் பிள்ளை வங்கி மூலம் அனுப்பினால் ஒரு டொலருக்கு 203 ரூபாய் அளவில் கிடைத்தது. உண்டியலில் அனுப்பினால் அதைவிடப் பல ரூபாய் கூடுதல். வீட்டில் மாதச் செலவைப் பார்க்கும் தாய் எதைச் சொல்வார்? வங்கி வழியே நாட்டுக்கு வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். உண்டியலில் அனுப்பியவர்களைத் தேசத் துரோகிகள் போலப் பேசியவர்களும் இருந்தார்கள். நான் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சட்டத்தை மீறியது மீறியதுதான். ஆனால் பொய்யான விலையை நிர்ணயித்துவிட்டு, உழைத்தவன் அந்த விலைக்கு விற்கவில்லை என்று கோபப்படுவதில் நியாயம் குறைவு.

2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடன் பத்திரம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். அத்தியாவசியப் பொருள் கொள்கலன்களோ டொலர் இல்லாமல் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தன. மார்ச் 7ஆம் திகதி ரூபாயைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மே மாதமாகும்போது டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. அதன் வரலாற்றில் அதுவே முதல் தடவை. மே மாத ஆரம்பத்தில், உடனே பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளை நான் விவரிக்கத் தேவையில்லை.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அந்த எண்ணின் பொருளை ஒரு கணக்கால் பார்ப்போம். 2021 செப்டம்பரில் ஒருவர் தன் சகோதரனுக்கு ஒரு இலட்சம் ரூபாய் அழகிய கடன் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, சொன்ன தவணையில், சகோதரன் ஒரு இலட்சத்தையும் குறையாமல் திருப்பித் தந்தார். இருவருமே நேர்மையாக நடந்தார்கள். ஆனால் திரும்பி வந்த ஒரு இலட்சம், கொடுத்தபோது சுமார் 58,900 ரூபாய் எதை வாங்கியதோ அதைத்தான் வாங்கும். மீதி 41,000 ரூபாயை யாரும் களவெடுக்கவில்லை. அது இல்லாமல் போய்விட்டது.

அந்த வருடம் ஆலிம்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. "கொடுத்த பெறுமதியைக் கணக்குப் பார்த்துக் கூடுதலாகக் கேட்கலாமா?" இது புதிய கேள்வி அல்ல. செப்புக் காசு புழங்கிய காலத்திலேயே ஃபுகஹாக்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். காசின் பெறுமதி மாறினாலும் வாங்கிய அதே எண்ணிக்கையையே திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் அறியப்பட்ட கருத்து. இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), கொடுத்த நாளின் பெறுமதியைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். நம் காலத்துத் தாள் நாணயம் பற்றி சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடி ஆராய்ந்தது. கடன் எந்த நாணயத்தில் எவ்வளவோ, அதே அளவைத்தான் திருப்ப வேண்டும். விலைவாசியோடு கட்டி உயர்த்தக் கூடாது என்பது அதன் தீர்மானம். அந்தக் கதவைத் திறந்தால் வட்டி வேறு பெயரில் உள்ளே வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது.

தங்கமாகக் கொடுத்து அதே எடைத் தங்கமாகத் திருப்பி வாங்குவதில் தடையில்லை. கடன் வாங்கியவர், முன்நிபந்தனை எதுவும் இல்லாமல், திருப்பும் நேரத்தில் தானாக மனமுவந்து கூடுதலாகக் கொடுப்பது நபி (ஸல்) அவர்களின் வழியில் உள்ளதுதான். ஆனால் கேட்டு வாங்க முடியாது. அதாவது, பணவீக்கத்தின் முழுச் சுமையையும் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் தனியே தாங்குகிறார். ரூபாயில் மஹர் பேசி அதைப் பிற்படுத்திய பெண்ணின் நிலையும் இதுதான். பத்து வருடங்களுக்கு முன் பேசிய ஐம்பதாயிரம் ரூபாய் மஹர் இன்னும் கொடுபடாமல் இருக்குமானால், அந்தப் பெண்ணின் உரிமையில் பெரும் பகுதியை விலைவாசி ஏற்கனவே தின்றுவிட்டது. பவுணாகப் பேசியவர்கள் தப்பினார்கள்.

நாணயத்தைக் கெடுப்பது மக்களைக் கெடுப்பது என்று நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பஞ்சமும் கடும் விலையேற்றமும் வந்தன. வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி அதைக் கண்ணால் கண்டவர். கெய்ரோவின் முஹ்தஸிபாக, அதாவது சந்தைக் கண்காணிப்பாளராகப் பதவி வகித்தவர். "இகாஸதுல் உம்மா" என்ற சிறிய நூலில் அதன் காரணங்களை ஆராய்ந்தார். நைல் நதியில் தண்ணீர் குறைந்ததை மட்டும் அவர் குற்றம் சொல்லவில்லை. லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது, நிலக் குத்தகையை உயர்த்துவது, இவற்றோடு அளவுக்கு மீறிச் செப்புக் காசை வெளியிட்டு வெள்ளியையும் தங்கத்தையும் விரட்டியது ஆகியவற்றைச் சேர்த்துச் சொன்னார். அதிலும் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று மக்களை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார். மத்ரஸாவில் இவரை வரலாற்றாசிரியர் என்று மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். பொருளாதாரப் பாடத்தில் இவர் பெயர் வருவதே இல்லை. இரண்டு பக்கமும் இழப்புத்தான்.

சரி, 2022இல் நோய்க்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? ஏப்ரல் 8 அன்று, புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற கையோடு, மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 14.5 சதவீதமானது. திறைசேரி உண்டியல்களின் வட்டி பின்னர் 30 சதவீதத்தையும் தாண்டியது. கடன் வாங்குவது குறைந்தால் செலவு குறையும், செலவு குறைந்தால் விலையேற்றம் அடங்கும், டொலருக்கான தேவையும் இறங்கும் என்பதே இதன் கணக்கு. கணக்குப் பலித்தது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனால் அந்த மருந்தின் கசப்பை மறைக்கக் கூடாது. வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்தவர்கள் மட்டும் அடிபடவில்லை. அவர்களிடம் வேலை செய்தவர்களும், அவர்களுக்குச் சரக்குக் கொடுத்தவர்களும் அடிபட்டார்கள். வட்டியில்லா வங்கிகளில் முராபஹா முறையில் வாங்கியவர்களுக்கும் இலாப வீதம் கூடியது. அவையும் அதே சந்தையில்தான் இருக்கின்றன. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 சதவீதமானது. அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது, தொழிலாளர்களின் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் பத்திரங்கள் 2026 வரை 12 சதவீதம், அதன் பின் 9 சதவீதம் தரும் பத்திரங்களாக மாற்றப்பட்டன. அந்த நிதியத்தைப் பராமரிப்பதும் மத்திய வங்கியே. அச்சடித்த பணத்தில் இலாபம் கண்டவர்கள் ஒரு கூட்டம். அதன் விலையைக் கட்டியவர்கள் வேறு கூட்டம்.

அப்படியானால் மத்திய வங்கிக்கும் அபிவிருத்திக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1985இல் மத்திய வங்கியின் முன்முயற்சியில் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் தொடங்கப்பட்டன. பெரிய வங்கிகள் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு வங்கிச் சேவை போனது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஷரீஆ அடிப்படையிலான வங்கி முறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்று நாட்டில் செயற்படத் தொடங்கியது. ஒரு வங்கி விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழாமல் பார்த்துக்கொள்வதும் மத்திய வங்கியின் வேலை. இவை எல்லாம் அபிவிருத்திக்குச் செய்யும் உண்மையான உதவிகள். இவற்றுக்குப் பணத்தைப் பெருக்க வேண்டியதில்லை. பாடசாலை கட்டுவதும், குளம் திருத்துவதும், வரி சேர்ப்பதும் அரசாங்கத்தின் வேலை. அந்த வேலையை மத்திய வங்கியின் பேனாவால் செய்ய முயன்றபோதுதான் எல்லாம் குலைந்தது.

இந்தியா இதே பாடத்தை இவ்வளவு அடிபடாமல் படித்துக்கொண்டது என்று சொல்லலாம். 1935இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி, பல பத்தாண்டுகள் அரசுக்குத் தேவையான போதெல்லாம் தற்காலிகக் கருவூலப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. 1994இல் அரசும் வங்கியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 1997இல் அந்த முறையை முடிவுக்குக் கொண்டு வந்தன. 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம், 2006 முதல் அரசின் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வெளியீட்டின்போதே நேரடியாக வாங்குவதைத் தடுத்தது. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் வாசலில் ஒரு பூட்டாவது இருக்கிறது.

இலங்கையில் அந்தப் பூட்டு 2023இல்தான் வந்தது. அந்த வருடத்தின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. விலை நிலையாக இருப்பதே மத்திய வங்கியின் முதல் நோக்கம் என்று அது எழுதி வைத்தது. அரசாங்கத்தின் பத்திரங்களை ஏலத்தில் நேரடியாக வாங்குவதைத் தடுத்தது. திறைசேரிச் செயலாளர் அந்த மேசையிலிருந்து எழுந்துவிட்டார். அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பார்கள்), முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உட்படப் பலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. நம்பிக்கைப் பொறுப்பு என்ற அந்தச் சொல்லை நாம் அமானிதம் என்போம்.

பலருக்கு இன்னும் ஒரு குழப்பம் இருக்கிறது. பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்களே, பருப்பு விலை ஏன் பழைய நிலைக்கு வரவில்லை? பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது என்றால் வண்டி பின்னால் வந்துவிட்டது என்று பொருளல்ல. ஏறிய இடத்தில் மெதுவாகப் போகிறது. ஆகவே 2021இல் ஒரு இலட்சம் வைத்திருந்தவர் இழந்தது திரும்பி வராது. இனி இழக்காமல் இருப்பதை மட்டும்தான் மத்திய வங்கி செய்ய முடியும்.

புதிய சட்டத்தின் கீழ் அரசாங்கமும் மத்திய வங்கியும் செய்த உடன்பாட்டில் பணவீக்க இலக்கு 5 சதவீதம். கூடவோ குறையவோ 2 சதவீதம் வரை விலகலாம். அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் அந்த எல்லைக்கு வெளியே போனால், ஏன் என்று நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதை மக்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 2024 செப்டம்பரில் விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிட 0.5 சதவீதம் கீழே இறங்கியது. இலக்குக்கு மேலே போனாலும் கீழே போனாலும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே சட்டம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஜமாஅத்தின் வரவு செலவைத் தேடிப் படிக்கும் நம்மவர்கள், அந்த அறிக்கைகளையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். பைத்துல்மாலில் இருக்கும் ரூபாயின் கணக்கும் அதில்தான் இருக்கிறது.